ஸ்டெம் செல் ஏத்திக்கிட்டா இன்சுலின் ஊசிய நிறுத்திடலாமா? வாசகர் கேள்விகளுக்கு டாக்டர் பதில்

இந்த மாசம் வந்த கடிதத்துலயும் வாட்ஸ்அப்லயும் பாதிக்கு மேல ஸ்டெம் செல் (வேற வகை செல்லா மாறக்கூடிய மூல செல்) பத்திதான். சீனாவுல ஒரு பொண்ணுக்கு சுகரே போயிடுச்சாமே, அமெரிக்காவுல ஊசியே வேணாம்னு ஆயிடுச்சாமே, நம்ம ஊர்லயே ஒருத்தர் பண்றாராமே, போகலாமான்னு. அதனால மத்த கேள்விகள அடுத்த இதழுக்கு வச்சுட்டு இந்த தடவை இதை மட்டும் எடுத்துக்கறேன்.

கேள்வி: டாக்டர், என் பையனுக்கு 11 வயசு. எட்டு மாசம் முன்னாடி வாந்தி எடுத்து, மூச்சு வாங்கி, ஐசியூல சேத்தோம், டைப் 1 சுகர்னு சொன்னாங்க. தினம் நாலு ஊசி போடறோம். இப்ப ஒரு கிளினிக்ல, அவனோட இடுப்பு எலும்புலேருந்தே ஸ்டெம் செல் எடுத்து திருப்பி ஏத்தினா அது இன்சுலின் சுரக்கற செல்லா மாறிடும், நாலு லட்சம் ஆகும்னு சொல்றாங்க. நகைய வச்சாவது பண்ணிடலாம்னு வீட்டுக்காரர் சொல்றாரு. பண்ணலாமா? (ஒரு அம்மா, பெரம்பூர்)

அம்மா, நகைய வைக்காதீங்க. அதை முதல்ல சொல்லிடறேன், காரணத்த அப்புறம் பொறுமையா படிங்க, வீட்டுக்காரரையும் பக்கத்துல உக்கார வச்சு படிச்சுக் காட்டுங்க.

நம்ம கணையத்துல சுமார் பத்து லட்சம் குட்டிக் குட்டி செல் திட்டுங்க இருக்கு. 1869ல லாங்கர்ஹான்ஸ்னு ஒரு ஜெர்மன்காரர் மருத்துவம் படிக்கறப்பவே மைக்ராஸ்கோப்புல இதை பாத்து எழுதி வச்சாரு. அந்த திட்டுல இருக்கற பீட்டா செல்தான் இன்சுலின் செய்யுது. டைப் 1ல என்ன ஆகுதுன்னா, கிருமிய அடிக்க வேண்டிய நம்ம சொந்த எதிர்ப்பு சக்தியே இந்த பீட்டா செல்ல எதிரின்னு நினைச்சு அழிச்சுடுது. நீங்க இனிப்பு குடுத்ததால வரல, கண்ணு பட்டதால வரல, உங்க மேல எந்த தப்பும் கிடையாது, இதை நான் எல்லா அம்மாகிட்டயும் சொல்வேன்.

இப்ப எலும்பு மஜ்ஜை விஷயத்துக்கு வரேன். அதுல இருக்கற ஸ்டெம் செல்லோட வேலை ரத்தம் உண்டாக்கறது. சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு, இதெல்லாம் வாழ்நாள் பூரா அங்கேருந்துதான் வருது. லுக்கேமியா, தலசீமியா மாதிரி நோய்க்கு அந்த செல்ல மாத்தி வைக்கறது நல்லா நிரூபிச்ச வைத்தியம், நம்ம சென்னையிலயே பண்றாங்க. ஆனா மஜ்ஜை செல் பீட்டா செல்லா மாறுமா? 2003 வாக்குல எலில அப்படி மாறுதுன்னு சிலர் எழுதினாங்க, உலகமே சந்தோஷப்பட்டுச்சு, மத்த லேப்ல திருப்பி செஞ்சு பாத்தப்ப அந்த மாதிரி வரல. 2004ல ஹார்வர்டுல டக்ளஸ் மெல்டன் குழு வேற ஒண்ண காட்டினாங்க, வளர்ந்த எலியோட கணையத்துல புதுசா வர்ற பீட்டா செல் பெரும்பாலும் ஏற்கனவே இருக்கற பீட்டா செல் ரெண்டா பிரிஞ்சுதான் வருதாம். அதாவது எங்கயோ எடுத்த செல்ல நரம்புல ஏத்திவிட்டா அது தானா வழி கண்டுபிடிச்சுப் போயி கணையத்துல உக்காந்து இன்சுலின் சுரக்கும்ங்கறதுக்கு மனுஷங்ககிட்ட ஆதாரம் இல்லம்மா.

2007ல பிரேசில்ல பண்ணாங்களேன்னு கிளினிக்காரங்க ஒரு ஆராய்ச்சிக் கட்டுரைய காட்டுவாங்க. அது உண்மையான ஆராய்ச்சிதான். வோல்டரெல்லின்னு ஒரு டாக்டர், புதுசா டைப் 1 வந்த 15 பேருக்கு பண்ணாரு, அதுல 14 பேர் கொஞ்ச காலம் ஊசி இல்லாம இருந்தாங்க. ஆனா அங்க நடந்தது வேற. கடுமையான மருந்து குடுத்து அவங்க எதிர்ப்பு சக்திய கிட்டத்தட்ட துடைச்சு எடுத்துட்டு, அப்புறம் அவங்க ரத்த ஸ்டெம் செல்லையே திருப்பி ஏத்தி, எதிர்ப்பு சக்திய புதுசா கட்டினாங்க. மிச்சம் இருந்த பீட்டா செல் பிழைச்சுது, அவ்வளவுதான், புது பீட்டா செல் உண்டாகல. அதுலயும் பெரும்பாலானவங்க காலப்போக்குல ஊசிக்கு திரும்பிட்டாங்க. அந்த மருந்தோட ஆபத்து வேற தனி.

இன்னொண்ணு சொல்றேன், இதுதான் ரொம்ப முக்கியம். டைப் 1 வந்து இன்சுலின் ஆரம்பிச்ச முதல் சில மாசத்துல, சில குழந்தைகளுக்கு ஒரு வருஷம் வரைக்கும்கூட, மிச்சம் இருக்கற பீட்டா செல் கொஞ்சம் மூச்சு விட்டு வேலை செய்யும், ஊசி அளவு தானா குறையும். ஹனிமூன் பீரியட்னு டாக்டருங்க சொல்வோம். உங்க பையன் அந்த நேரத்துலதான் இருக்கலாம். இந்த நேரத்துல எதை ஏத்தினாலும், வெறும் குளுக்கோஸ் தண்ணிய ஏத்தினாலும், "பாருங்க டோஸ் குறைஞ்சிடுச்சு"ன்னு காட்ட முடியும். அதை நம்பி ஊசிய நிறுத்தின குழந்தைங்க கீட்டோ அசிடோசிஸோட (இன்சுலின் இல்லாம ரத்தத்துல அமிலம் ஏறிடற நிலை) மூச்சு வாங்கிட்டு திரும்பி வர்றத பாக்கறப்ப எனக்கு தாங்க முடியாத வேதனையும் கோவமும் வருது. டைப் 1 குழந்தைக்கு இன்சுலின் நிறுத்தினா உயிருக்கே ஆபத்து. 1922 ஜனவரில டொரோன்டோவுல லெனார்ட் தாம்ப்சன்னு ஒரு 14 வயசுப் பையனுக்கு முதல் இன்சுலின் போடற வரைக்கும் இந்த நோய் வந்த குழந்தைங்கள பட்டினி போட்டு கொஞ்ச நாள் தள்ளறத தவிர வேற வழியே இல்லாம இருந்துச்சு.

கடைசியா சட்டம். ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) 2017ல போட்ட வழிகாட்டு நெறில, ரத்தம் சம்பந்தப்பட்ட சில நோய்க்கு பண்ற ஸ்டெம் செல் மாற்று மட்டும்தான் ஒத்துக்கிட்ட வைத்தியம். சுகர் உட்பட மத்த எதுக்கு பண்ணாலும் அது ஆராய்ச்சி, அனுமதி வாங்கி, பதிவு பண்ணி, கிளினிக்கல் டிரையலாத்தான் (மனுஷங்ககிட்ட முறைப்படி நடத்தற சோதனை) பண்ணணும். ஆராய்ச்சில சேர்றவங்ககிட்ட அதுக்கு காசு வாங்கக் கூடாது. நாலு லட்சம் கேக்கறாங்கன்னாலே உங்களுக்கு பதில் கிடைச்சிடுச்சு.

கேள்வி: நான் குரோம்பேட்டையில பயோடெக் ரெண்டாவது வருஷம் படிக்கறேன் டாக்டர். அப்ப சீனப் பொண்ணு நியூஸ் பொய்யா? பெரியவங்க உடம்புலேருந்து எடுத்த செல்லத்தானே பீட்டா செல்லா மாத்தினாங்கன்னு போட்டிருந்தாங்க?

பொய் இல்லம்மா, நூத்துக்கு நூறு உண்மை, படிச்சப்ப எனக்கு கண்ணு கலங்கிடுச்சு. ஆனா மேல சொன்ன கிளினிக் பண்றதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

2006ல ஜப்பான்ல யமனாக்கா எலியோட சாதாரண தோல் செல்லுக்குள்ள நாலே நாலு ஜீன் போட்டு அதை கருவுல இருக்கற செல் நிலைக்கே திருப்பிக் கொண்டு போனாரு. 2007ல மனுஷ செல்லுலயும் பண்ணாங்க, 2012ல நோபல் பரிசு, ஜான் கர்டனோட சேத்து. இதுக்குப் பேர் ஐபிஎஸ் செல். அதாவது பெரியவங்க உடம்பு செல்லு, ஆனா அது நேரா பீட்டா செல் ஆகல, மொதல்ல பின்னாடி போய் எதுவா வேணா ஆகக்கூடிய நிலைக்கு வந்து, அப்புறம் முன்னாடி வரணும்.

முன்னாடி வர்றதுதான் பெரிய கஷ்டம். வயித்துல குழந்தை வளர்றப்ப கணையம் எந்த வரிசைல உருவாகுதோ அதே வரிசைய லேப் தட்டுக்குள்ள நடத்தணும், முதல்ல குடல் பக்கத்து அடுக்கு, அப்புறம் கணையத்துக்கு முந்தின நிலை, அப்புறம் ஹார்மோன் செல்லுக்கு முந்தின நிலை, ஒவ்வொரு கட்டத்துக்கும் வேற வேற புரதம், வேற வேற ரசாயனம், வேற வேற நாள் கணக்கு, ஒரு நாள் முன்ன பின்ன ஆனாலும் செல்லு வேற பாதைல போயிடும், மொத்தமா ஒரு மாசத்துக்கு மேல ஆகும். நல்லா சுரக்கற செல்ல நிறைய அளவுல செஞ்சு காட்டினது 2014ல, அதே டக்ளஸ் மெல்டன் குழு. அவரோட பையனுக்கும் பொண்ணுக்கும் டைப் 1. பையனுக்கு வந்தப்புறம்தான் தவளை முட்டை ஆராய்ச்சிய விட்டுட்டு இதுக்கு வந்தாரு, அந்த மனுஷன் மேல எனக்கு பெரிய மரியாதை உண்டு.

சீனா விஷயம்: தியான்ஜின்ல 25 வயசுப் பொண்ணு. அவங்க கொழுப்புத் திசுலேருந்து செல் எடுத்தாங்க, பீக்கிங் பல்கலைக்கழகத்தோட டெங் ஹோங்குய் குழு ஜீன் போடாம ரசாயனத்தாலயே அதை திருப்பினாங்க, அதுலேருந்து திட்டு செல் வளர்த்து 2023 ஜூன்ல வயித்துத் தசை உறைக்குக் கீழ வச்சாங்க. 75 நாள்ல ஊசி தேவைப்படல, ஒரு வருஷம் பாத்து 2024ல வெளியிட்டாங்க. தலைப்புல வராத ஒரு விஷயம் இருக்கு. அந்தப் பொண்ணுக்கு ஏற்கனவே கல்லீரல் மாத்தியிருந்தாங்க, அதனால எதிர்ப்பு சக்திய அடக்கற மருந்து தினமும் சாப்பிட்டுட்டு இருந்தாங்க. சொந்த செல்லுன்னாலும் டைப் 1ல பழைய சண்டை திரும்ப வரும், வீட்டுக்குத் தீ வச்சவன் இன்னும் வாசல்லயே நிக்கறான், புது வீடு கட்டினா அதுக்கும் வைப்பான். அந்த மருந்து இல்லாம இருந்திருந்தா அந்த செல் பிழைச்சிருக்குமாங்கறதுக்கு இந்த ஒரு பொண்ண வச்சு பதில் சொல்ல முடியாது.

அமெரிக்கா பக்கம் வெர்டெக்ஸ் கம்பெனியோட ஜிமிஸ்லெசெல்ங்கற செல் சிகிச்சை. இது நோயாளியோட சொந்த செல் இல்ல, கரு ஸ்டெம் செல்லேருந்து தயார் பண்றது. 80 கோடி செல்ல கல்லீரலுக்குப் போற ரத்தக்குழாய்ல ஏத்துவாங்க. 2025 ஜூன்ல வந்த முடிவுல, முழு டோஸ் வாங்கின 12 பேர்ல 10 பேர் ஒரு வருஷம் கழிச்சு இன்சுலினே இல்லாம இருந்தாங்க, 12 பேருக்குமே சுகர் திடீர்னு கீழ போயி மயக்கம் போடறது நின்னுபோச்சு. சேர்றதுக்கு முன்னாடி இவங்க யாருக்கும் சி-பெப்டைடு கண்டுபிடிக்கற அளவுக்குக்கூட இல்ல. (உடம்பு சொந்தமா இன்சுலின் செய்யறப்ப கூடவே வெளிய வர்ற துண்டு அது, ஊசில போடற இன்சுலின்ல இருக்காது. அதனால ஏத்தின செல் நிஜமாவே வேலை செய்யுதான்னு பாக்க இதுதான் நேர்மையான டெஸ்ட்.) ஆனா இவங்களும் எதிர்ப்பு சக்திய அடக்கற மருந்து தொடர்ந்து சாப்பிடணும். அந்த டிரையல்ல ரெண்டு பேர் இறந்தாங்க, ஒருத்தருக்கு மூளைக்காய்ச்சல், எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்களுக்கு வர்ற பூஞ்சைக் கிருமியால.

இனிமே உன்ன மாதிரி பிள்ளைங்க தீர்க்க வேண்டியது அந்த மருந்து வேணாம்னு ஆக்கறதத்தான். செல்ல ஒரு பைக்குள்ள வச்சு பாதுகாக்கலாம்னு பாத்தாங்க, அதே கம்பெனி 2025 மார்ச்சுல அதை நிறுத்திடுச்சு, இன்சுலின் போதுமான அளவு வரல. ஸ்வீடன்ல உப்சாலாவுல, இறந்தவர் குடுத்த திட்டு செல்லுல ஜீன் எடிட்டிங் பண்ணி, எதிர்ப்பு சக்தி கண்ணுக்கு படாம மாத்தி, ஒருத்தரோட முன்னங்கைத் தசைல வச்சாங்க, மருந்தே குடுக்கல, செல் பிழைச்சு இன்சுலின் சுரந்துச்சு. வச்சது கொஞ்சம் செல்தான், அதனால அவரு ஊசி போட்டுக்கத்தான் வேணும், ஆனாலும் எனக்கு எல்லாத்தையும் விட அதிக நம்பிக்கை குடுக்கறது இந்த ஒரு கேஸ்தான். இன்னொரு கவலை, முழுசா மாறாத ஒரு சில செல் தங்கிட்டா அது கட்டியா வளரலாம், அதனால வருஷக்கணக்கா கண்காணிக்கணும். 2008ல எலியோட கணையத்துலயே சாதாரண செரிமான செல்ல மூணு ஜீனால நேரா பீட்டா செல் மாதிரி மாத்தினதும் இருக்கு, கருநிலைக்கு போகாமலே. உனக்கு ப்ராஜெக்ட் வேணும்னா அந்தப் பக்கம் படி.

கேள்வி: மனைவி ஏழு மாசம். எங்க ரெண்டு வீட்லயும் சுகர். தொப்புள்கொடி ரத்தத்த பேங்க்ல வச்சா பிற்காலத்துல பிள்ளைக்கு சுகர் வந்தா குணப்படுத்தலாம்னு ஆள் வந்து பேசறாங்க. (வேளச்சேரி)

வேணாம் தம்பி. தொப்புள்கொடி ரத்தத்துல இருக்கறதும் ரத்தம் உண்டாக்கற செல்தான். சொந்தக் குழந்தைக்கே பின்னாடி உதவும்னு தனியார் பேங்க்ல போட்டு வைக்கறதுக்கு அறிவியல் அடிப்படை இல்லன்னு ஐசிஎம்ஆரே எழுத்துல சொல்லியிருக்கு. டைப் 1 குழந்தைகளுக்கு அவங்க தொப்புள்கொடி ரத்தத்த ஏத்தி ஃப்ளோரிடாவுல பாத்தாங்க, பலன் இல்ல. வீட்ல ஏற்கனவே ரத்த நோய் இருக்கற இன்னொரு பிள்ளை இருந்தா அது வேற கணக்கு, டாக்டர கேளுங்க. அந்தக் காசுல மனைவிக்கு கர்ப்பகால சுகர் டெஸ்ட் சரியா நடந்திருக்கான்னு பாருங்க, ரெண்டு பக்கமும் சுகர்னா அது கட்டாயம்.

கேள்வி: என் மகளுக்கு 19 வயசு, ஏழு வருஷமா டைப் 1. ஸ்டெம் செல்லெல்லாம் வேணாம், என் கணையத்துலேருந்தே பாதிய எடுத்து அவளுக்கு வைக்க முடியாதா? நான் ரெடி. (வியாசர்பாடி)

அம்மா, நீங்க கேக்கறத உலகத்துல ஒரு தாய் செஞ்சிருக்காங்க. 2005ல ஜப்பான்ல கியோட்டோவுல, 56 வயசு அம்மாவோட கணையத்துல ஒரு பகுதிய எடுத்து, அதுலேருந்து திட்டு செல்ல பிரிச்சு 27 வயசு மகளோட கல்லீரல்ல ஏத்தினாங்க, மகளுக்கு ஊசி தேவையில்லாம போச்சு. ஆனா அந்த மகளுக்கு இருந்தது டைப் 1 இல்ல, கணைய அழற்சியால வந்த சுகர். உங்க மகளுக்கு பண்ணா ரெண்டு தாக்குதல் வரும், அந்நிய செல்லுன்னு ஒண்ணு, பழைய டைப் 1 சண்டை இன்னொண்ணு. உங்களுக்கும் பாதி கணையம் போனா நாளைக்கு நீங்களே சுகர்காரங்களா ஆகலாம். அதனால உயிரோட இருக்கறவங்ககிட்டேருந்து எடுக்கறது வழக்கத்துக்கு வரல.

இறந்தவங்க தானம் குடுத்த கணையத்துலேருந்து செல் எடுத்து வைக்கறதுதான் நடக்கறது. 2000ல கனடாவுல எட்மன்டன்ல ஷாப்பிரோ குழு 7 பேருக்கு பண்ணி ஏழு பேரையும் ஊசிலேருந்து விடுவிச்சாங்க, ஒருத்தருக்கு பெரும்பாலும் ரெண்டு கணையம் தேவைப்பட்டுச்சு, பல பேருக்கு வருஷம் போகப் போக ஊசி திரும்ப வந்துச்சு. இதனாலதான் லேப்ல செல் வளர்க்கணும்னு எல்லாரும் ஓடறாங்க, இவ்வளவு கணையம் எங்கேருந்து கிடைக்கும்? உங்க மகளுக்கு சுகர் கீழ போறது தெரியாமலே மயக்கம் வருதா? அப்படின்னா அதைப் பத்தி எனக்கு தனியா எழுதுங்க, அதுக்கு இப்பவே பண்ண வேண்டியது இருக்கு. இல்லன்னா நீங்க ரெடின்னு சொன்னத அவகிட்ட சொல்லுங்க, போதும்.

கேள்வி: எனக்கு 64, இருபது வருஷமா டைப் 2. மாத்திரை மூணு, ராத்திரி ஒரு இன்சுலின். இந்த சிகிச்சை எனக்குப் பயன்படுமா சார்? (மயிலாப்பூர்)

சார், உங்க கேள்விதான் சென்னைக்கு பெரிய கேள்வி. 2023ல வெளிவந்த ஐசிஎம்ஆர்-இந்தியாப் (INDIAB)ங்கற சுகர் கணக்கெடுப்பு ஆய்வு, நம்ம சென்னையிலேருந்துதான் வழிநடத்தினாங்க, நாட்டுல 10.1 கோடி பேருக்கு சுகர்னு சொல்லுச்சு, தமிழ்நாட்டுல பெரியவங்கள்ல 14.4 சதவீதம். இவங்கள்ல ரொம்பப் பெரும்பாலானவங்க உங்கள மாதிரி டைப் 2தான். அதுல முதல் பிரச்னை இன்சுலின் இருந்தும் உடம்பு அதை மதிக்காதது, பீட்டா செல் களைச்சுப் போறது அதுக்கப்புறம். வெறும் செல்ல மட்டும் வச்சா பாதிப் பிரச்னைதான் தீரும். ஷாங்காய்ல 59 வயசு டைப் 2 ஒருத்தருக்கு அவரோட ரத்த செல்லேருந்து வளர்த்த திட்ட வச்சு ஊசிய நிறுத்தினாங்க, 2024ல வெளியாச்சு. ஆனா அவருக்கு முன்னாடியே கிட்னி மாத்தியிருந்ததால எதிர்ப்பு சக்திய அடக்கற மருந்துல இருந்தாரு. ஒரு ராத்திரி ஊசிக்காக அந்த மருந்த ஆரம்பிக்க நான் உங்களுக்கு சொல்ல மாட்டேன். எடை, நடை, சோறு அளவு, மாத்திரைய மாத்திப் பாக்கறது, இதுல இன்னும் நிறைய இடம் இருக்கு, அடுத்த தடவை எச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகர்) ரிப்போர்ட்ட அனுப்புங்க, பாப்போம்.

கேள்வி: அது வர்ற வரைக்கும் நாங்க என்ன பண்றது? (பெயர் வேணாம்னு கேட்ட ஒரு அப்பா, திருவொற்றியூர்)

கிட்னியையும் கண்ணையும் காப்பாத்தி வைங்க. இது வெறும் ஆறுதல் இல்ல, செல்ல காப்பாத்தற மருந்துல முக்கியமான டாக்ரோலிமஸ் கிட்னிக்கு பாரம், கிட்னி நல்லா இருக்கறவங்களுக்குத்தான் தைரியமா குடுக்க முடியும், அதனால இன்னிக்கு சுகர கட்டுப்பாட்டுல வைக்கறவங்கதான் நாளைக்கு இந்த வைத்தியத்துக்கு தகுதியா இருப்பாங்க. வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணு, யூரின்ல புரதம், கால் பாத்துக்கங்க. இன்சுலின் வாங்க கஷ்டமா இருந்தா கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரில இலவசமா குடுக்கறாங்க, சென்ட்ரல் ஜிஎச்ல தனி நீரிழிவுத் துறையே இருக்கு, ஸ்டான்லில 1948லயே சுகருக்குன்னு கிளினிக் ஆரம்பிச்ச ஊருங்க இது. உங்க பிள்ளைக்கு கூடப்பிறந்த தம்பி தங்கச்சி இருந்தா அவங்களையும் ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டுங்க. டைப் 1 வரப்போற அறிகுறிய ரத்த டெஸ்ட்லயே முன்னாடி கண்டுபிடிக்கலாம், வர்றத சராசரி ரெண்டு வருஷம் தள்ளிப் போடற டெப்லிசுமாப்ங்கற மருந்துக்கு அமெரிக்காவுல 2022 நவம்பர்ல அனுமதி குடுத்துட்டாங்க.

யாராவது டிரையல்னு சொல்லி கூப்பிட்டா சிடிஆர்ஐ பதிவு நம்பர் கேளுங்க. அது இந்திய அரசோட கிளினிக்கல் டிரையல் பதிவேடு, இன்டர்நெட்ல யார் வேணா காசில்லாம தேடிப் பாக்கலாம். நம்பர் இருக்குன்னா, அதுல போட்டிருக்கற நோய் டைப் 1தானா, ஆஸ்பத்திரி பேர் ஒத்துப் போகுதா, நெறிமுறைக் குழு அனுமதி இருக்கான்னு பாத்துட்டு, அந்தப் பக்கத்த ப்ரிண்ட் எடுத்து பிள்ளைய பாக்கற டாக்டர்கிட்ட காட்டிட்டு அப்புறம் கையெழுத்து போடுங்க.